19.5 அங்குல லாரி டயருக்கு மாறலாமா? (ராம் 3500, பின்னால் ஒற்றைச் சக்கரம்)

மேற்கு_டெக்சாஸ்_பயணி:

வணக்கம். வண்டி 2015 ராம் 3500 பிக்கப் டிரக், கம்மின்ஸ் டீசல், நான்கு சக்கர ஓட்டம், நீளப் பெட்டி. டூயலி இல்லை, பின்னால் பக்கத்துக்கு ஒரே டயர்தான். இழுப்பது 34 அடி ஃபிஃப்த் வீல் டிரெய்லர், அதாவது பிக்கப் பெட்டிக்குள்ளேயே கொக்கி மாட்டுகிற வீட்டு டிரெய்லர். கம்பெனி போட்டுக் கொடுத்த அதே அளவில்தான் டயர் ஓடிக்கொண்டிருந்தது: எல்டி275/70ஆர்18, லோடு ரேஞ்சு ஈ (எல்டி என்றால் லைட் டிரக், லோடு ரேஞ்சு என்பது எடை தாங்கும் வகுப்பு).

போன ஆகஸ்ட் மாதம் ஐ-10 நெடுஞ்சாலையில் ஃபோர்ட் ஸ்டாக்டனிலிருந்து ஓசோனா பக்கம் வந்துகொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி, வேகம் 70 மைல் இருக்கும். ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. இருக்கைக்கு அடியில் யாரோ விரலால் தட்டுவதுபோல ஒரு அதிர்வு மட்டும். "ஏதோ தட்டுதே" என்று மனைவி சொன்னாள். சாலை அப்படி என்று சொல்லிவிட்டு இன்னும் நான்கைந்து மைல் போனேன். அப்புறம் வெடித்தது. உண்மையில் அது வெடிப்புகூட இல்லை. பின் வலது டயரின் ட்ரெட், சாலையைத் தொடும் மேல் ரப்பர், மட்டும் பட்டையாக உரிந்து ஃபெண்டரை உள்ளிருந்து அடித்து நொறுக்கியது, காற்று அதற்குப் பிறகுதான் போனது. நிறுத்திப் பார்த்தபோது ஃபெண்டர் விளிம்பு தகர டப்பா மூடிபோல வெளிப்பக்கம் மடிந்திருந்தது. மட்ஃபிளாப்பைக் காணவே இல்லை.

அங்கே வேக வரம்பு 80. லாரிகள் பக்கத்தில் போகும்போது ஜாக்கியோடு சேர்ந்து வண்டியும் ஆடுகிறது. ஒரு மணி நேரம் அப்படி வேலை செய்த பிறகு, இனி இந்த டயரே வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

டிரெய்லர் நிறுத்தும் இடத்தில் பக்கத்து வண்டிக்காரர் 19.5 அங்குல ரிம்மும் லாரி டயரும் போட்டிருந்தார். "போட்டுட்டு மறந்துடுங்க" என்றார். ஒரு கடையில் விசாரித்தேன். அலுமினிய ரிம் ஐந்து, 245/70ஆர்19.5 டயர் ஐந்து, எல்லாம் சேர்த்து 4,300 டாலர் சொன்னார்கள். போடலாமா? போட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடை ஏற்றலாமா? சும்மா ஊருக்குள் ஓட்டும்போது எப்படி இருக்கும்?

டீசல்_புகை:

கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். 14 பிளை வலு உள்ள டயர், ஆணி ஏறினால் ஆணிதான் வளையும்.

கூஸ்நெக்_கிழவன்:

தம்பி, நான் ஆறு வருஷமாக இதைத்தான் ஓட்டுகிறேன். 2012 ஃபோர்டு எஃப்-350, ஒற்றைச் சக்கரம், பின்னால் கூஸ்நெக் டிரெய்லரில் (அதுவும் பெட்டிக்குள் மாட்டுவதுதான்) சின்ன எக்ஸ்கவேட்டர், வைக்கோல் உருளை, எது கிடைக்கிறதோ அது. அதனால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன். ஆணி வளையும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு இரண்டு தடவை ஏறியிருக்கிறது, ஆணி நேராகத்தான் இருந்தது.

முதலில் கணக்கு. உங்கள் 18 அங்குல டயர் 80 பிஎஸ்ஐ காற்றில் தாங்குவது 3,640 பவுண்டு. ஜோடிக்கு 7,280. கடைக்காரர் சொன்ன 245/70ஆர்19.5, லோடு ரேஞ்சு ஜி என்றால், 110 பிஎஸ்ஐயில் ஒன்று 4,540 தாங்கும். எச் என்றால் 120 பிஎஸ்ஐயில் 4,940. வித்தியாசம் பெரிது. 225/70ஆர்19.5 என்று ஓர் அளவும் உண்டு, அது ஜி ரேஞ்சில் 3,970தான். அதையும் 19.5 என்றே விற்பார்கள், விலையும் குறையும், ஆனால் உயரம் 32 அங்குலத்துக்கும் ஒரு நூல் கம்மி. உங்கள் பழைய டயர் 33 சொச்சம். 245 போட்டால் 33 அங்குலம், கிட்டத்தட்ட அதே உயரம், ஸ்பீடோமீட்டரைத் தொட வேண்டியதில்லை. ஆக அளவு விஷயத்தில் கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

டயர் தாங்கினால் போதாது, ரிம்மும் தாங்க வேண்டும். ரிம்மின் உள்பக்கம் எத்தனை பவுண்டு என்று அச்சடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால் இன்னொன்று: என் ஃபோர்டுக்கு எட்டு போல்ட் 170 மில்லிமீட்டர் வட்டம். உங்கள் ராமுக்கு எட்டு போல்ட் ஆறரை அங்குலம், அதாவது 165.1. 2011க்குப் பிறகு வந்த ஒற்றைச் சக்கர ஜிஎம் வண்டிகளுக்கு 180. மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஐந்து மில்லிமீட்டர்தானே என்று இழுத்துப் பூட்டப் பார்த்த ஓர் ஆளை எனக்குத் தெரியும். இரண்டு வீல் போல்ட்டை உடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

இந்த அரை அங்குலம் எதற்கு என்று பலர் கேட்பார்கள். 19.5, 22.5 ரிம்களில் டயர் உட்காரும் விளிம்பு 15 டிகிரி சாய்வு. உங்கள் 18 அங்குல ரிம்மில் 5 டிகிரி. இரண்டு வகையும் ஒன்றில் ஒன்று சேராது. அதனால்தான் சாதாரண கார் டயர் கடையில் இதைத் தொடமாட்டார்கள். நான் முதலில் போன கடையில் பையன் டயரைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், "ஓனர் சாப்பிடப் போயிருக்கிறார்" என்றான். லாரி டயர் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே நெம்புகோல் இரண்டை வைத்துத் தரையிலேயே போட்டு மிதித்து ஏற்றிவிடுவார்கள். ஐந்து நிமிஷ வேலை, பார்க்கவே அழகு. பேலன்ஸ்தான் பிரச்சினை. லாரிக் கடையில் சிலர் பேலன்ஸே செய்யமாட்டார்கள். கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். எனக்கு ஒரு முன் சக்கரத்துக்கு மட்டும் எட்டு அவுன்ஸ் ஈயம் பிடித்தது.

வால்வையும் கவனியுங்கள். கார் ரிம்மில் அமுக்கிச் செருகும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐக்கு, கொஞ்சம் உசத்தியானது 80க்கு. நீங்கள் அடிக்கப் போவது 100க்கு மேல். நட்டுப் போட்டு இறுக்கும் உலோக வால்வுதான் வேண்டும். வீட்டில் சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் இருந்தால் அதை மைத்துனருக்குக் கொடுத்துவிடுங்கள், 80 வருவதற்குள் அது அழ ஆரம்பித்துவிடும்.

இனி ஓட்டம். பாரத்தோடு போகும்போது இதைப் போல ஒன்று கிடையாது. பழைய டயரில் பெரிய லாரி தாண்டும்போது பின்பக்கம் இடம் வலமாக ஓர் ஆட்டம் வரும் பாருங்கள், சைட்வால் (டயரின் பக்கச் சுவர்) நெளிகிற ஆட்டம், அது போயே போய்விட்டது. சூடும் குறைவு. 100 டிகிரி வெயிலில் மூன்று மணி நேரம் இழுத்துவிட்டு டயரில் கை வைத்தால் வைத்த கையை வைத்தபடியே இருக்கலாம். எல்டி டயர் எனக்கு 38,000 மைலில் முடிந்துவிடும். இந்தப் பின் ஜோடி 96,000 மைல் ஓடியது.

பாரம் இல்லாமல் ஓட்டுவது வேறு கதை. கான்கிரீட் சாலை இணைப்பு ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் எண்ணிக்கொள்ளலாம். என் மனைவி இந்த வண்டியில் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் கப் ஹோல்டரில் மூடி போட்டு வைத்த காபி ஒரு ரயில் பாதையைத் தாண்டியதும் விண்ட்ஷீல்டில் இருந்தது. காற்றைக் குறைத்தால் கொஞ்சம் மெத்தென்று ஆகும். ஆனால் மனம்போன போக்கில் குறைக்கக் கூடாது, டயர் தயாரிப்பாளரின் எடை, காற்று அட்டவணையைப் பார்த்துத்தான். 245க்கு 80 பிஎஸ்ஐயில் ஏறத்தாழ 3,600 பவுண்டு வரும். அதாவது உங்கள் பழைய டயர் அதிகபட்சம் தாங்கியதை இது இளைப்பாறிக்கொண்டே தாங்கும்.

மழைதான் எனக்குப் பயம். இந்த டயர் ரப்பர் தேயாமல் ஓடுவதற்கென்று கெட்டியாகச் செய்தது. அகலமும் உங்கள் 275ஐவிட 30 மில்லிமீட்டர் குறைவு. வெறும் வண்டி, ஈரமான சிக்னல், டீசல் முறுக்கு மூன்றும் சேர்ந்தால் பச்சை விழுந்ததும் பின் சக்கரம் அங்கேயே சுற்றும். ஒரு தடவை சமதளப் புல்தரையில், பனித்துளிக்கு, நான்கு சக்கர ஓட்டம் போட்டு வெளியே வந்தேன். வெட்கக்கேடு. பிரேக்கும் கொஞ்சம் முன்கூட்டியே மிதிக்க வேண்டியிருக்கிறது. எடையும் அதற்கு ஒரு காரணம். நான் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: பழைய சக்கரம் ரிம்மோடு 93 பவுண்டு, இது 126. நான்குக்கும் சேர்த்து 132 பவுண்டு கூடுதல், அத்தனையும் சுற்றுகிற எடை. மைலேஜும் காலனுக்கு ஒரு மைல் போச்சு.

வேகம்: சைட்வாலில் எடைக் குறியீட்டுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். எல் (L) என்றால் 75 மைல்தான். எம் (M) 81, என் (N) 87. நீங்கள் 80 போகிற சாலையில் ஓடுகிறவர், பார்த்து வாங்குங்கள். 70லேயே போகிறீர்கள் என்றால் நல்ல பழக்கம், மாற்றாதீர்கள்.

ஸ்பேர் ஐந்தாவதாக வாங்கச் சொன்னது சரி. பழைய ஸ்பேரை ஒரு பக்கம் மாட்டி ஓட்டினால் காற்று அளவும் உயரமும் ஒத்துப்போகாது. பெட்டிக்கடியில் ஸ்பேர் தொங்கும் கம்பி வடம் 126 பவுண்டைத் தூக்குகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

கூடுதல் எடை ஏற்றலாமா என்று கேட்டீர்கள். அதற்குக் கீழே யாராவது சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

தராசுத்_தட்டு:

சண்டைக்கு வந்துவிட்டேன்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் பின் ஆக்சிலுக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது? ராம் 3500 ஒற்றைச் சக்கரம் என்றால் 7,000 பவுண்டு என்று இருக்கும். நீங்கள் விமான டயரே போட்டாலும் அந்த எண் 7,000தான். டயர் மாற்றுவதால் ஸ்பிரிங் மாறுவதில்லை, பிரேக் மாறுவதில்லை, ஸ்டிக்கர் மாறுவதில்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, எடை போட்டுப் பார்த்தீர்களா? இரண்டு, கிழிந்த டயரில் டாட் எண்ணின் (சைட்வாலில் DOT என்று தொடங்கும் எண்) கடைசி நான்கு இலக்கம் என்ன?

டீசல்_புகை:

தராசு ஐயா, அந்த 7,000 டயருக்காகப் போட்ட எண். அதே ராம் டூயலியில் பின் ஆக்சிலுக்கு 9,750 கொடுக்கிறார்கள். அப்படியானால் வித்தியாசம் டயர் மட்டும்தானே?

தராசுத்_தட்டு:

டயரும் ஒரு காரணம். ஆனால் "மட்டும்" என்று உங்களுக்கு யார் சொன்னது? அப்படிப் பார்த்தால் டூயலியில் நான்கு டயர் தலைக்கு 2,835 பவுண்டு, மொத்தம் 11,340 தாங்குகிறது. பிறகு ஏன் 9,750ல் நிறுத்தினார்கள்? மிச்சம் 1,590 பவுண்டைத் தடுப்பது டயர் இல்லையே. எது தடுக்கிறது என்று கட்டிய இஞ்சினியருக்குத் தெரியும். எனக்கும் உங்களுக்கும் ஸ்டிக்கர்தான் தெரியும். நாளைக்கு ஒரு விபத்து என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீலும் ஸ்டிக்கரைத்தான் படிப்பார்.

கூஸ்நெக்_கிழவன்:

தராசு சொல்வது சரி. நான் 19.5 போட்டது கூடுதலாக ஏற்ற அல்ல, ஏற்றியதையே நிம்மதியாக இழுக்க. டயர் எல்லையைத் தொட்டுக்கொண்டு ஓடுவது வேறு, எண்பது சதவீதத்தில் ஓடுவது வேறு.

எடை போடுவது எளிது தம்பி. பெரிய டிரக் ஸ்டாப் பெரும்பாலானவற்றில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற லாரி எடை மேடை இருக்கும். முன் ஆக்சில் முதல் தட்டில், பின் ஆக்சில் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரம் மூன்றாவதில் வருகிற மாதிரி நிறுத்துங்கள். சீட்டு வாங்கிக்கொண்டு டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் வண்டியை மறுபடி ஏற்றுங்கள். தண்ணீர், சாமான், வீட்டு ஆட்கள் எல்லோரோடும் போங்கள். காலி வண்டியை நிறுத்துவிட்டு வந்து பெருமை பேசுகிறவர்கள் நிறைய.

மேற்கு_டெக்சாஸ்_பயணி:

இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். போன சனிக்கிழமை எடை போட்டேன்.

முன் ஆக்சில் 4,980. பின் ஆக்சில் 7,240. டிரெய்லர் சக்கரங்கள் 11,900.

கழற்றிவிட்டுப் போட்டது: முன் 4,900, பின் 3,780. (பின்னால் கருவிப் பெட்டி, கூடுதல் டீசல் டேங்க், இருக்கையில் என் இரண்டு பிள்ளைகள். பெரியவன் இந்த வருஷம் என்னைவிட உயரம்.) கூட்டிக் கழித்தால் டிரெய்லர் என் வண்டி மேல் வைப்பது 3,540 பவுண்டு. வாங்கும்போது விற்பனையாளர் "பின் வெயிட் (pin weight) 2,400" என்று இதே எடையைச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அது கட்டில், பாத்திரம், ஜெனரேட்டர் எதுவும் இல்லாத டிரெய்லருக்கு என்று இப்போதுதான் புரிகிறது.

ஆக ஸ்டிக்கரைவிட 240 பவுண்டு கூடுதலாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். டயருக்கோ 7,280ல் 40 பவுண்டுதான் மிச்சம், அதுவும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால். ஜெனரேட்டர் வலது பக்கம் இருந்தது. கிழிந்ததும் வலது டயர்தான்.

டாட் எண் பார்க்கச் சொன்னீர்கள். அந்த டயர் இன்னும் வீட்டுப் பின்னால் கிடக்கிறது, மூத்தவன் உருட்டி விளையாடுகிறான். எண் வெளிப்பக்கம் இல்லை, உள்பக்க சைட்வாலில் இருந்தது, டார்ச் அடித்துப் பார்த்தேன்: 0917.

தராசுத்_தட்டு:

2017ஆம் வருஷம் ஒன்பதாவது வாரம். மார்ச் ஆரம்பம். 2024 ஆகஸ்டில் கிழிந்தது என்றால் ஏழரை வயது. ட்ரெட் எவ்வளவு இருந்தது?

மேற்கு_டெக்சாஸ்_பயணி:

பாதிக்கு மேல் இருந்தது. அதனால்தான் மாற்றவில்லை. டிரெய்லர் வருஷத்தில் நான்கு மாதம்தான் ஓடும், வண்டி மற்ற நாள் வெயிலில் நிற்கும்.

கூஸ்நெக்_கிழவன்:

அப்படியானால் விஷயம் முடிந்தது. ஓடித் தேயாத டயர் நின்று கெடும். நான் வருஷத்துக்கு 30,000 மைல் ஓட்டுகிறவன், எனக்கு டயர் வயதாவதற்குள் தேய்ந்துவிடும், 19.5 காசுக்குக் காசு வசூல். உங்களுக்கு 19.5 போட்டாலும் ஆறேழு வருஷத்தில் நான்கில் ஒரு பங்குகூடத் தேயாமல் தூக்கிப் போடுவீர்கள். அந்த 4,300ஐ வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரை டிரெய்லரின் பின்பக்கம் கொண்டுபோங்கள், தண்ணீர்த் தொட்டியைப் போகிற இடத்தில் நிரப்புங்கள். டீசல் டேங்க் உண்மையில் தேவையா?

எனக்கே என் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. பழைய ரிம் ஒரு செட் விற்க வைத்திருந்தேன், ஃபோர்டு ரிம், உங்களுக்கு எப்படியும் சேராது.

மேற்கு_டெக்சாஸ்_பயணி:

டீசல் டேங்கை எடுத்துவிட்டேன் அண்ணா. நிரம்பியிருந்தால் அதுவே 400 பவுண்டுக்கு மேல். ஜெனரேட்டர் பின்னால் போய்விட்டது, ஆனால் அளவாகத்தான் நகர்த்தினேன், முன்பக்கம் ரொம்ப லேசானாலும் டிரெய்லர் வாலாட்டும் என்று படித்தேன். மறுபடி எடை போட்டதில் பின் ஆக்சில் 6,610. அடுத்த வண்டி டூயலியா என்ற பேச்சு வீட்டில் நடக்கிறது, அந்தப் பக்கம் போக இன்னும் இரண்டு வருஷம் ஆகும்.

டயர் அதே 275/70ஆர்18 ஈ நான்கு நேற்று மாற்றினேன். மாட்டுவதற்கு முன்னால் எண்ணைக் காட்டுங்கள் என்றேன். கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்தான். மூன்றில் 2224. நான்காவதில் 4021. அதை உள்ளே திரும்ப உருட்டிக்கொண்டு போய் வேறொன்று எடுத்து வர இருபது நிமிஷம் ஆனது, நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.